குதிரை எந்தப் பக்கம் பார்த்தது?

எங்கள் குலதெய்வக் கோயில் சுவரில் இருந்த குதிரை கிழக்கே பார்த்து நின்றதா, மேற்கே பார்த்து நின்றதா என்று போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு பேர் சண்டை போட்டோம். ஏழு பேரும் பங்காளிகள். முதல் மொட்டையிலிருந்து வருடம் தவறாமல் மாசி சிவராத்திரிக்கு வந்து, அந்தச் சுவரை ஒட்டி உட்கார்ந்து, பொங்கல் தின்று, முதுகு சாய்த்துத் தூங்கியவர்கள். மூத்தவர் பெரியப்பாவுக்கு 78 வயது. எனக்கு 52. சித்தப்பா கிழக்கு என்று சூடத்தில் அடித்துச் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தார். பெரியப்பா மேற்கு என்றார். எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டார்கள். கண்ணை மூடிப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு குதிரை, அதன் மேல் மீசையோடு அய்யனார், ஒரு கால் தூக்கியிருந்த மாதிரி ஞாபகம். தலை எந்தப் பக்கம் என்று பார்க்கப் போனால் படம் கலங்கிவிடுகிறது.

கேள்வி கேட்டவர் பெயிண்டர். சுவரில் பழையபடியே படம் எழுத மதுரையிலிருந்து வரவழைத்திருந்தோம். அவர் வந்து பார்த்தபோது சுவரில் ஒன்றுமே இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி பளிச்சென்று இருந்தது. மேஸ்திரி வேலையைச் சுத்தமாக முடித்திருந்தார். "பழைய படத்தை ஒரு போட்டோ காட்டுங்க சார், அப்படியே எழுதிருவோம்" என்றார் பெயிண்டர். இருபத்தாறு தலைக்கட்டு, அதாவது வரி கொடுக்கும் குடும்பங்கள், அத்தனை பேர் கையிலும் செல்போன். ஒருவரிடமும் அந்தப் படம் இல்லை.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி 5,000 என்று முடிவானபோது என் பங்கை முதல் ஆளாக அனுப்பினேன். "உள் மண்டபம் முழுக்கச் சுத்தம் பண்ணி பெயிண்ட் அடிக்கலாமா?" என்று பங்காளி வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள். பேருந்தில் நின்றுகொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைப் போட்டேன். அந்த ஓவியம் போனதற்கு நான் கொடுத்த பணமும் நான் போட்ட பொம்மையும் காரணம். மேஸ்திரியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் என்னை இவ்வளவு நாள் அரித்துக்கொண்டிருப்பது அதுகூட இல்லை. போன பிறகு "அய்யோ, எப்பேர்ப்பட்ட ஓவியம்!" என்று குழுவில் நீளமாக ஒரு புலம்பல் எழுதினேன். அதை எழுதிய ஆளுக்குக் குதிரையின் தலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

சுவரின் அமைப்பைச் சொன்னால்தான் சண்டை புரியும். சாமி கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். முன்னால் சிறு மண்டபம், கிழக்கில் வாசல். ஓவியம் இருந்தது வடக்குச் சுவரில். நாம் சுவரைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் வாசல், இடது கைப் பக்கம் கருவறை. குதிரை கிழக்கே பார்த்தால் கோயிலை விட்டு வெளியே போகிறது. மேற்கே பார்த்தால் உள்ளே வருகிறது. எங்களுக்கு இது உறைக்கவே இல்லை. பெயிண்டர்தான் சொன்னார்: "ராத்திரிக் காவலுக்குப் போற குதிரையா, சுத்திட்டு விடியக்காலம் வீட்டுக்கு வர்ற குதிரையான்னு தெரியணும்ல சார்? போறப்ப முகம் ஒரு மாதிரி இருக்கும், வர்றப்ப ஒரு மாதிரி இருக்கும்."

உண்டியலுக்குப் பின்னால்

பெயிண்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பதினாலு வயதில் சுவர் எழுத்துக்குக் கையாளாகப் போனவர். சுண்ணாம்பு அடித்த சுவரில் நீலப்பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் பிடித்துச் சுண்டிக் கோடு போடுவது முதல் வேலை. அப்புறம் உதயசூரியன், இரட்டை இலை, கை என்று எல்லாச் சின்னமும் எழுதியிருக்கிறார். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே ஒரு கட்சி "முன்பதிவு" என்று சுவரில் எழுதிவைத்துவிட்டுப் போகும், அதையும் அவரே எழுதுவாராம். தியேட்டருக்கு பேனர், பள்ளிக்கூடத்துக்குத் திருவள்ளுவர், உரக்கடைக்கு நெற்கதிர். பவுடர் கலரில் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி எழுதிய காலம். ஃபிளெக்ஸ் வந்த பிறகு ஐந்து வருடத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. நடுவில் கொஞ்ச காலம் வாட்ச்மேன் வேலை பார்த்திருக்கிறார். இப்போது மேம்பாலத்துக்குக் கீழே ஜல்லிக்கட்டுக் காளை, நாயக்கர் மகால் தூண் என்று எழுதச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ஆனால் அதற்கு வருவது பெரும்பாலும் கல்லூரியில் படித்த பையன்கள் என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. "நல்லா வரையிறாய்ங்க சார். நூல் மட்டும் அடிக்கத் தெரியாது."

அவர் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கைவிரலால் தட்டிப் பார்த்தார். கடைசியில் உண்டியலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தைப் பின்னால் அடித்தார். எங்கள் உண்டியல் தரையில் சிமெண்டு போட்டுப் பதித்த இரும்புப் பெட்டி, நகர்த்த முடியாது. மேஸ்திரியின் ஆட்கள் எட்டின வரைக்கும் தேய்த்துவிட்டு விட்டிருக்கிறார்கள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய சுண்ணாம்பு அப்படியே இருந்தது. "இங்க ஒண்ணு இருக்கு, வந்து பாருங்க" என்றார்.

ஒவ்வொருவராகத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தோம். முதலில் எனக்கு அழுக்குதான் தெரிந்தது. அவர் விரல் காட்டிய பிறகு கோடு தெரிந்தது. காவிக்கல்லைக் கரைத்து இழுத்த கோடு, ஒரே இழுப்பு, நடுவில் கை எடுத்த தடமே இல்லை. நீளமான மூக்கு. மேலே விறைத்த காது. கரியில் வைத்த ஒரு கண், அது இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தில் நீலமாக ஒரு பட்டை.

நாய். அந்தச் சுவரில் நாய் இருந்தது என்பதே எங்கள் ஏழு பேருக்கும் தெரியாது.

நீலத்தைப் பார்த்ததும் பெயிண்டர் சிரித்தார். "இது துணிக்குப் போடுற நீலம் சார். நாங்களும் போட்டிருக்கோம். மலிவு, நல்லா நிக்கும்." அதுவரை எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் அந்த ஓவியம் நாயக்கர் காலத்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான், நானும் மறுக்கவில்லை. சலவை நீலம் வைத்துத் திருமலை நாயக்கர் காலத்தில் எழுதியிருக்க முடியாது. மிஞ்சிப் போனால் எண்பது, தொண்ணூறு வருடம். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு நிமிஷம் சப்பென்று ஆகிவிட்டது. அடுத்த நிமிஷம் வெட்கமாக இருந்தது. முந்நூறு வருடப் பழசு என்றால் அழுவேன், எங்கள் தாத்தா காலத்து ஆள் எழுதியது என்றால் பரவாயில்லையா?

பூச்சுக்கு மேல் பூச்சு

எனக்கு இருந்த அபிப்பிராயம் நேரானது. பழைய ஓவியத்தின் மேல் பூசுவது பாவம், அவ்வளவுதான். மீனாட்சி கோயிலில் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றியுள்ள மண்டபச் சுவர்களில் திருவிளையாடல் ஓவியங்கள் இருந்தன, அந்தப் பழையவற்றில் பெரும்பகுதி இன்று இல்லை. கும்பாபிஷேகம், திருப்பணி என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனை சுவர்கள் வெள்ளையாகின என்று பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். கல்தூண்களை மணல் வீச்சால் பீய்ச்சியடித்துச் 'சுத்தம்' செய்ததையும் சேர்த்துக்கொள்வேன். இந்தப் பேச்சை எத்தனையோ டீக்கடையில் பேசியிருக்கிறேன்.

பெயிண்டரிடமும் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே பிரஷ்ஷைத் தண்ணீரில் ஊறப்போட்டார். "நான் எழுதுனது எதுவும் ஒரு வருசத்துக்கு மேல இருந்ததில்ல சார். பொங்கலுக்கு வெள்ளையடிச்சா நம்ம படம் உள்ள போயிரும். அதுக்கு மேல நாமளே இன்னொண்ணு எழுதுவோம். ஒரு சுவத்துல என் படம் மட்டும் இருபது அடுக்கு இருக்கும்." உள்ளே போயிரும் என்றார், அழிந்துபோகும் என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஏனென்றால் தஞ்சாவூரில் அப்படித்தான் நடந்திருக்கிறது. பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள் சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931இல் கண்டுபிடித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி. மேலே தெரிந்தது நாயக்கர் காலப் பூச்சு. அது உதிர்ந்த இடத்தில் உள்ளே ராஜராஜன் காலத்துக் கோடுகள். நாயக்கர் கால ஓவியன் வந்து, மங்கிப்போன பழைய படத்தின் மேல் சுண்ணாம்பு பூசித் தன் படத்தை எழுதியிருக்கிறான். அவனை நான் திட்ட வேண்டுமா, கும்பிட வேண்டுமா? அவன் மூடியதால்தான் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் கையும் படாமல் உள்ளே இருந்தது தப்பித்தது என்று சொல்லலாம். அவனுக்கு அந்த எண்ணம் இருந்திருக்காது, சரி.

புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் சமணக் குகைக்கோயிலுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். தாமரைக் குளம், பூப்பறிக்கும் ஆட்கள், யானை, மீன், வாத்து எல்லாம் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். அங்கே வெளியில் பாறையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலம், 9ஆம் நூற்றாண்டு. இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியன் அந்த அறிவர் கோயிலின் அகமண்டபத்தைப் புதுக்கி, முன்னால் முகமண்டபம் எடுத்தான் என்கிறது. மதுரைக்காரன் என்று பெருமையாகப் படித்திருந்தேனே தவிர, 'புதுக்கி' என்ற சொல்லில் நின்றதில்லை. புதுக்குவது என்றால், அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது என்று அர்த்தம். ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்பு நம்மூர் ஆள் ஒருவர் போய்ச் செய்ததும் திருப்பணிதான்.

அப்படியானால் நம் மேஸ்திரியும் இளங்கௌதமனும் ஒன்றா? இதில்தான் எனக்குப் பல வாரம் தூக்கம் கெட்டது. ஒரு வித்தியாசம் பொருளில் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். ஈரத்தை வாங்கும், வெளியே விடும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்து அரைத்த சுண்ணாம்பின் மேல் இன்னொரு சுண்ணாம்பு உட்கார்ந்தால் இரண்டும் ஒத்துப்போகும். பிறகு யாராவது பொறுமையாக மேல் அடுக்கை எடுத்தால் கீழே இருப்பது கிடைக்க வாய்ப்புண்டு. எமல்ஷனும் எனாமலும் சுவரின் வாயைக் கட்டிவிடும், உள்ளே ஈரம் தேங்கி சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காகக் கழன்று விழும். அதுகூடப் பரவாயில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு உள்ளே போவதற்கு என்ன இருக்கிறது? நம் பக்கத்து ஓவியங்கள் பெரும்பாலும் காய்ந்த சுவரில் பசை கலந்து எழுதியவை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலே கையோடு வந்துவிடும்.

இன்னொரு வித்தியாசத்தைத்தான் பெயிண்டரின் கேள்வி காட்டிக்கொடுத்தது. தஞ்சாவூரில் மேலே எழுதியவனும் ஓவியன். பூசுவதற்கு முன்னால் கீழே இருந்ததை ஒரு பார்வையாவது பார்த்திருப்பான், தொழிலாளி கண் பார்க்காமல் இருக்காது. எங்கள் சுவரை உப்புத்தாள் தொடும் முன்பு ஒருவரும் பார்க்கவில்லை. தேய்த்தவர்களைச் சொல்லவில்லை. எழுபது வருடமாக அதற்கு எதிரில் உட்கார்ந்து பொங்கல் தின்ற எங்களைத்தான் சொல்கிறேன்.

திருப்பரங்குன்றத்தில் முருகன் கோயிலை ஒட்டி ஒரு காலத்தில் ஓவிய மண்டபம் இருந்ததைப் பரிபாடலின் 19ஆம் பாட்டு சொல்கிறது, பெயர் 'எழுத்துநிலை மண்டபம்'. அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது ஓவியத்தை விட, பார்க்க வந்த கூட்டம். இவள் ரதியா, இவன் காமனா என்று ஒருவர் கேட்க இன்னொருவர் சொல்கிறார். இந்திரன் பூனையாகி ஓடுகிறான், இவள் அகலிகை, அதோ கோபத்தில் கௌதமன், இவள் கல்லானது இது என்று விரல் நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். (பூனைக்கு அந்தப் பாட்டில் 'பூசை' என்ற சொல் வருகிறது. கோயில் பூசை என்று நினைத்துப் படிக்கப் போய்ப் பூனையில் மாட்டிக்கொண்டு அரை நாள் திகைத்தேன்.) அந்த மண்டபம் இன்று இல்லை. ஆனால் அகலிகைக்குப் பக்கத்தில் யார் நின்றார் என்று நமக்குத் தெரிகிறது. எங்கள் மண்டபம் இருக்கிறது, கல் கூட அசையவில்லை. நாய் இருந்ததே தெரியவில்லை.

இதெல்லாம் மண்டையில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் ஒருமுறை அழகர்கோயில் வசந்த மண்டபத்துக்குப் போய், விதானத்தில் இருக்கும் ராமாயணத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். அங்கே படங்களோடு தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் இவ்வளவு அழகாக எழுதிவிட்டு எதற்குக் குறிப்பு என்று நினைப்பேன். எங்களை மாதிரி ஆட்கள் வருவார்கள் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறான்.

காதுகுத்துப் படம்

நாயைக் கண்டுபிடித்ததும் சித்தப்பா கட்சிக்குக் குஷி. நாயின் மூக்கு கிழக்கே நீட்டியிருந்தது. நாய் போகும் பக்கம்தானே குதிரையும் போகும்? கிழக்கு என்று முடிவாகி, பெயிண்டர் கரியால் கோடு போடவும் ஆரம்பித்துவிட்டார். நான் மதுரைக்குத் திரும்பி வந்து, அம்மாவின் இரும்புப் பெட்டியைக் கிண்டினேன். மனசு ஆறவில்லை.

என் காதுகுத்துப் படம் கிடைத்தது. கறுப்பு வெள்ளை. மாமா மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக நான் வாயைப் பிளந்து அழுகிறேன். எடுத்தவர் எல்லோருடைய தலையும் விழ வேண்டும் என்று கவனமாக எடுத்திருக்கிறார், சுவரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. வலது ஓரத்தில் வாசல் வெளிச்சம் அடித்து வெளிறிக் கிடக்கிறது. மாமாவின் வலது தோளுக்கு மேலே, நமக்கு இடது பக்கம், குதிரையின் பின்னங்கால் இரண்டும் வயிற்றின் வளைவும். தோளுக்கும் என் அத்தையின் கொண்டைக்கும் நடுவில், நமக்கு வலது பக்கம், வால். நுனியில் மூன்று பிரிவாகப் பிரிந்து தொங்குகிறது. நாற்பத்தொன்பது வருடமாக எங்கள் வீட்டில் இருக்கும் படம். அதில் குதிரை இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வால் வாசல் பக்கம் என்றால் தலை கருவறைப் பக்கம். பெரியப்பா சொன்னதுதான் சரி, மேற்கு. வீட்டுக்கு வரும் குதிரை.

ராத்திரியே பெயிண்டருக்கு அனுப்பினேன். அவர் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். "அப்ப நாய் மட்டும் ஏன் சார் கிழக்க பாக்குது?" எனக்கு என்ன தெரியும். "தெரியலண்ணே" என்றேன். என்னைச் சார் என்று கூப்பிடுகிற மனிதரை அன்றுதான் அண்ணே என்று கூப்பிட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவரே சொன்னார்: "திரும்பிப் பாக்குது. பின்னால எதுவோ வருது, இல்ல யாரோ வர்றாங்க. அதை அவர் எழுதியிருக்கார். வாசல் பக்கம் சுவத்துல இன்னும் என்னமோ இருந்திருக்கு சார்."

என்ன இருந்தது என்று இருபத்தாறு தலைக்கட்டிலும் கேட்டுவிட்டோம். திருப்பூரில் இருக்கும் பங்காளிகளையும் விடவில்லை. தொண்ணூறு வயது அத்தை ஒருவர் மட்டும், விளக்கோடு ஒரு பொம்பளைப்பிள்ளை நின்றாள் என்றார். மறுநாள் கேட்டபோது அது வேறு கோயில் என்றார்.

பெயிண்டர் ஐந்து நாளில் எழுதி முடித்தார். வெள்ளைக் குதிரை, மேற்கே பார்த்து, களைத்துப்போன முகம், வால் மூன்று பிரிவு. எமல்ஷனில்தான் எழுதினார், பிரைமர் அடித்த சுவரில் வேறு வழியில்லை. குதிரைக்குப் பின்னால் வாசல் வரைக்கும் ஆறடி நீளத்துக்கு ஒன்றும் எழுதாமல் விட்டார். "சம்பளம் முழுசாத்தானே பேசினோம், ஏன் பாதியில விட்டீங்க?" என்று கமிட்டியில் கேட்டார்கள். தெரியாததை எப்படி எழுதுவது என்றார். உண்டியலுக்குப் பின்னால் இருந்த துண்டை அவர் தொடவில்லை. அதைச் சுற்றி விரல் அகலத்துக்குக் காவியில் ஒரு கட்டம் மட்டும் கட்டினார், அடுத்த தடவை தேய்க்க வருகிறவனுக்குத் தெரியட்டும் என்று.

இந்த மாசி சிவராத்திரிக்குப் போனபோது பொங்கப் பானையை இறக்கிவைத்துவிட்டு நேரே உண்டியலுக்குப் பின்னால் குனிந்தேன். காவிக் கட்டம் போட்டிருந்ததால் அங்கே ஏதோ சாமி இருக்கிறது என்று பெண்கள் முடிவு பண்ணியிருக்கிறார்கள். நாய் என்று தெரிந்ததும் பைரவர் என்று பெயராகிவிட்டது. கையை விட்டுத் துழாவி, கிடைத்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கிறார்கள். ஒரு சரம் மல்லிகைகூட இருந்தது. சந்தனம் காய்ந்து கண்ணை மூடிவிட்டது. மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கிழக்கே.